வேலிப் பொட்டாலை தேன் குடிக்கிற குருவி

ஜூன் 12

இந்தக் கொப்பி நான் கேட்டு வாங்கினதில்லை. றொசால்பா எண்ட மனுசி தந்தது. அவவின்ரை விடுதிக்குக் குருவி பாக்கவெண்டு வாற வெள்ளையள் காலமை தேத்தண்ணி குடிக்க முந்தியே "நேற்று என்ன வந்தது, எத்தினை வந்தது" எண்டு கேக்குதுகளாம். ஆனபடியால் நான் சீனித்தண்ணிப் போத்தில் நிரப்பிற நேரம் வாற குருவியளை எண்ணி எழுத வேணுமாம். பேந்து நான் கையாலையும் விரலாலையும் காட்டிச் சொன்னால் அவ தன்ரை பாஷையிலை பலகையிலை எழுதுவா. நான் தமிழிலைதான் எழுதுவன். இந்த மலையிலை இதை வாசிக்க ஒருத்தரும் இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

பேர் குலேந்திரன், வயசு நாப்பத்திமூண்டு, ஊர் அல்வாய். பருத்தித்துறை–யாழ்ப்பாணம் மினிபஸ்ஸிலை பதினாறு வருசம் கொண்டக்டர். இப்ப எக்குவடோர் எண்ட நாட்டிலை, முகில் காலுக்குக் கீழாலை போற ஒரு காட்டிலை நிண்டு குருவிக்குச் சீனி கரைக்கிறன். கனடாவுக்கெண்டு வெளிக்கிட்ட ஆள். விதி எங்கை கொண்டந்து இறக்கிவிட்டிருக்கு பாருங்கோ.

நானும் தம்பி நிரோஜனும் சேந்துதான் வந்தது. ஏஜென்சிக்காரன் இந்த விடுதிக்குப் பின்னாலை இருக்கிற பலகைக் கொட்டிலிலை எங்களை ஒரு மாசம் வைச்சிருந்தான். மே மாசக் கடைசியிலை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வடக்கை, பனாமாக் காட்டுப் பக்கம் வெளிக்கிட்டாங்கள். தம்பி போனான். எனக்குக் கணுக்கால் பிரண்டிருந்தது, நிண்டிட்டன். "நீ ஏறு, நான் அடுத்த பஸ்ஸிலை வாறன்" எண்டு சொல்லித்தான் அனுப்பினனான்.

இண்டைக்குச் சீனி மூடை வந்தது. இருபத்தைஞ்சு கிலோ. றோட்டிலையிருந்து அரை மைல் ஏத்தம், தோளிலை தூக்கிக்கொண்டு ஒரு மூச்சிலை வந்தன். மனுசி கோழி சூப் தந்தா. வேண்டாமெண்டிட்டன். வயிறு சரியில்லை.

நீலக்குருவி 2.

ஜூன் 13

நீலக்குருவி எண்டு சும்மா எழுதினால் காணாது எண்டு மனுசி சொல்லுறா. சரி, எழுதிறன். உடம்பு முழுக்க நல்ல நீலம், பள்ளிக்கூடத்து மைபோலை. முகத்திலை கள்ளன் கட்டின மாதிரி ஒரு கறுப்புத் துணி. கண் இரத்தச் சிவப்பு. சொண்டின்ரை மேல்பாதி நுனியிலை கொக்கிமாதிரி வளைஞ்சிருக்கும்.

அந்தக் கொக்கி என்னத்துக்கெண்டு கண்டுபிடிச்சது நான் இல்லை, தம்பி. இங்கை கொட்டில் வாசலிலை, ஊமத்தைப் பூப்போலை கவிண்டு தொங்குற நீட்டுச் சிவப்புப் பூ நிக்குது. மற்றக் குருவியள் எல்லாம் மரியாதையாப் பூவின்ரை வாயாலை உள்ளிட்டுத் தேன் குடிக்கும். இது மட்டும் பூவின்ரை அடியைக் கொக்கியாலை பிடிச்சு, ஒரு ஓட்டை போட்டு, அதுக்காலை உறிஞ்சிப்போட்டுப் போயிடும். மகரந்தம் ஒரு பொட்டுக்கூட உடம்பிலை படாது. பூவுக்கு ஒரு சதத்துக்குப் பிரயோசனம் இல்லை.

"அண்ணை, இது எங்கடை சாதி. படலை திறந்திருந்தாலும் வேலிப் பொட்டுக்குள்ளாலைதான் வரும்" எண்டான் தம்பி. ஊரிலை வேலியிலை ஓலையைப் பிரிச்சு வைச்சிருக்கிற பொட்டுக்குள்ளாலை நாங்கள் எத்தினை வீட்டு மாங்காய்க்குப் போயிருப்பம். ஆனால் எங்களுக்கு ஆர் படலை திறந்தவை?

சந்நிதி முருகன் படத்தைச் சுவரிலையிருந்து கழட்டிப் பெட்டியுக்கை வைச்சிட்டன். இங்கை சரியான ஈரம், படம் பூஞ்சணம் பிடிக்குது.

நீலக்குருவி 2. நீட்டுப் பச்சை வால் குருவி 5.

ஜூன் 14

அம்மா போன் எடுத்தா. இங்கை தொடர்பு வாறது வளைவிலை இருக்கிற கல்லிலை ஏறி நிண்டால் மட்டும்தான். தம்பியின்ரை மனுசி தர்சிகாவுக்கு எட்டாம் மாசம் முடியுது. அவள் எங்கடை வீட்டிலைதான், அம்மாவோடை.

"தம்பியின்ரை போன் அஞ்சு நாளா நிண்டுபோச்சு. நீ என்ன ஆளடா, ஒண்டும் சொல்லுறாயில்லை."

பாதை பூட்டிப்போட்டாங்கள், தம்பி திரும்பி என்னட்டையே வந்திட்டான், போன் தண்ணியுக்கை விழுந்திட்டுது எண்டு சொன்னன்.

"அப்ப அவனைக் குடன்."

"மேலை தோட்டத்திலை வேலை செய்யிறான் அம்மா. அங்கை கவறேஜ் இல்லை."

"முகத்தையாவது காட்டன், வீடியோவிலை."

"இங்கை அதுக்கெல்லாம் இழுக்காது அம்மா."

அம்மா பெரிய மூச்சொண்டு விட்டா. "காலுக்கு எண்ணெய் போடுறனியே?" எண்டு கேட்டா. ஓமெண்டன். ஏன் இப்பிடியெல்லாம் சொன்னனெண்டு இந்தக் கொப்பியிலை எழுதத் தேவையில்லை. இது குருவிக் கொப்பி.

ஜூன் 16

சும்மா சமைக்க வேணும்போலை கிடந்தது. மனுசியின்ரை குசினியிலை கேட்டு, சோறு வடிச்சு, பருப்பு வைச்சு, கத்தரிக்காய் பொரிச்சன். ஒரு முட்டையும் அவிச்சன். தம்பிக்கு அவிச்ச முட்டையெண்டால் உயிர். பள்ளிக்கூடம் போற நாளிலை என்ரை முட்டையின்ரை மஞ்சளையும் களவெடுத்துத் திண்டிடுவான். பப்பாப்பழத்திலை ஒரு துண்டும் வெட்டி, எல்லாத்தையும் வாழையிலையிலை வைச்சுக் கொட்டில் வேலிக் கட்டையிலை கொண்டுபோய் வைச்சன்.

இந்த நாட்டிலை காகம் இல்லை. எனக்கு இது முந்தித் தெரியாது. ஒரு நாடு முழுக்கக் காகமே இல்லாமல் சனம் எப்பிடித்தான் சீவிக்குதுகளோ. "கா, கா" எண்டு நான் கூப்பிட்டதைப் பாத்து மனுசி என்னை விசரன் எண்டு நினைச்சிருப்பா. ஒரு மணித்தியாலம் நிண்டன். சோறு மழையிலை நனைஞ்சு கஞ்சியாப் போச்சு.

பிறகு நீலக்கள்ளன் வந்தான். சோத்தைப் பாக்கேல்லை. பப்பாப்பழத்தைக் கொக்கியாலை ஒரு இழுவை இழுத்து, ரெண்டு வாய் திண்டிட்டு, சிவப்புக் கண்ணாலை என்னைப் பாத்தான். நான் நிலத்திலை குந்தியிட்டன்.

மனுசி குசினி வாசலிலை நிண்டவ. கிட்ட வந்தா. இலையைப் பாத்தா, என்னைப் பாத்தா. தலையிலை போட்டிருந்த தொப்பியைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டா. 

நீலக்குருவி 1.

ஜூன் 19

மழை. மழை. கண்டறியாத மழை. ஒரு குருவியும் இல்லை.

ஜூன் 21

எழுதிறன். எழுதாமல் வைச்சிருந்தால் நெஞ்சு வெடிச்சிடும்.

தம்பி செத்துப்போனான்.

ஜூன் ஒன்பதாம் திகதி, பனாமாக் காட்டிலை ஆறு கடக்கேக்கை வெள்ளம் இழுத்துக்கொண்டு போட்டுது. ரெண்டு நாளாலை, பதினோராம் திகதி, அவனோடை போன மட்டக்களப்புப் பெடியன் கஜானன் அங்காலை முகாமிலையிருந்து போன் எடுத்துச் சொன்னவன். வெள்ளம் இழுத்ததுக்கு அடுத்த நாள் தம்பி கீழை ஒரு கல்லிலை தட்டிக்கொண்டு கிடந்தவனாம். கரையிலை வைச்சுக் கல் அடுக்கி மூடினவையாம். "அண்ணை, நாங்கள் தேவாரம் படிச்சுத்தான் மூடினனாங்கள்" எண்டு அந்தப் பெடியன் அழுதான். நல்ல பெடியன், கடவுள் அவனைப் பாக்க வேணும்.

என்ரை தம்பிக்கு இருபத்தொன்பது வயசு. அல்வாய்க் குளத்திலை அவனுக்கு நீந்தப் பழக்கினது நான். நீந்தத் தெரிஞ்சவனை அந்த நாசமாப்போன ஆறு என்னெண்டு கொண்டுபோனது?

தர்சிகாவுக்குப் பிள்ளை பிறக்க இன்னும் மூண்டு கிழமையும் இல்லை. இப்பச் சொன்னால் தாயும் பிள்ளையும் என்னத்துக்கு ஆகும்? அம்மாவுக்குச் சொன்னால் அம்மா ஒப்பாரி வைப்பா, நாலு வீட்டுக்குக் கேக்கும், அவளுக்கும் தெரிஞ்சிடும். ஆனபடியால் செத்த வீட்டுத் துடக்கை நான் தனியக் காக்கிறன். மச்சம் மாமிசம் இல்லை, சாமி படம் இல்லை, நெத்தியிலை திருநீறு இல்லை, சவரம் இல்லை. ஜூலை ஒன்பது முப்பத்தொண்டாம் நாள். அண்டைக்கு அந்தியேட்டிக் கிரியை. பிள்ளை அதுக்குள்ளை பிறந்திடும். அண்டைக்குச் சொல்லுவன். இது சத்தியம்.

ஜூன் 24

தர்சிகா எழுதியிருக்கிறாள். "அத்தான், அவர் ஏன் உங்கடை போனிலையாவது ஒரு சொல்லுக் கதைக்கிறாரில்லை? என்னோடை கோவமோ?"

நான் ஒவ்வொரு நாளும் நீலக்குருவியைப் படம் பிடிச்சு, "தம்பி பிடிச்சது" எண்டு அனுப்பிக்கொண்டிருந்தனான். தம்பி இங்கை நிண்ட நாளிலை அவளுக்கு அப்பிடித்தான் அனுப்பிறவன். அவளும் பதில் போடுவாள், "பிள்ளை இண்டைக்கு உதைச்சதெண்டு கள்ளனுக்குச் சொல்லுங்கோ" எண்டு. இனிப் படம் மட்டும் காணாதாம்.

என்ரை போனிலை தம்பியின்ரை குரல் ஒண்டு கிடந்தது. மே மாசம் அவன் எனக்கு அனுப்பினது. "எங்கை நிக்கிறாய்? கெதியா வா, இந்தக் களவாணி திரும்பவும் வந்திட்டுது, பூவை நாசமாக்குது" எண்டு சொல்லிச் சிரிப்பான். ஒன்பது செக்கன்.

அதை அவளுக்கு அனுப்பினன்.

செய்யக்கூடாத வேலை. தெரியும். அரை மணித்தியாலத்தாலை அவள் எழுதினாள்: "வயித்திலை போனை வைச்சுப் பிள்ளைக்குப் போட்டுக் காட்டினனான். அவரின்ரை சிரிப்புக்குப் பிள்ளை திரும்பினது." கல்லிலை இருந்து வாய்விட்டுக் குழறினன். ஆர் கேக்கிறது இங்கை?

இருந்த குரல் அது ஒண்டுதான்.

ஜூன் 28

மனுசி தன்ரை செத்துப்போன புருசன்ரை சவரக் கத்தியைக் கொண்டந்து தந்தா. வெள்ளையள் வாற இடம், இப்பிடிக் கரடி மாதிரி நிக்கலாமோ எண்டு சைகையிலை கேட்டா. பத்துவிரலையும் ஒருக்கா, பிறகு ஒரு விரலைக் காட்டினன், இன்னும் பதினொரு நாள் எண்டு. விளங்கினதோ தெரியாது. கத்தியை என்ரை யன்னலிலை வைச்சிட்டுப் போனா.

தம்பியும் தாடியோடைதான் போனவன். பெண்சாதி பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கை புருசன் முடி வெட்டக்கூடாது, வழிக்கக்கூடாது எண்டு அம்மா சொல்லிவிட்டவ. "எனக்கு மூஞ்சை கடிக்குது அண்ணை, தர்சி பெத்த அண்டைக்கே வழிச்சு எறிஞ்சுபோடுவன்" எண்டு சொறிஞ்சுகொண்டு திரிஞ்சான். நான் அவனைப் பகிடிபண்ணி எவ்வளவு சிரிச்சனான்.

நீலக்குருவி 2. அதிலை ஒண்டு குஞ்சுபோலை, நீலம் இன்னும் மங்கல்.

ஜூலை 2

அடுத்த கூட்டம் கிழமை முடிய வெளிக்கிடுதாம். "இந்த முறை வாறியோ?" எண்டு ஏஜென்சிக்காரன் கேட்டான். கால் நோகுதெண்டு சொன்னன்.

ஜூலை 6

பொம்பிளைப் பிள்ளை! மூண்டு கிலோ நூறு. தாயும் பிள்ளையும் சுகம். அம்மா எழுத்துக்கூட்டி அடிச்சு வீட்டுக் குறூப்பிலை போட்டிருக்கிறா. அவவுக்கு ஒரு வசனம் அடிக்க அரை மணித்தியாலம் வேணும், அப்பிடியிருக்க நாலு வசனம். கடைசி வசனம்: "தம்பிக்குச் சொல்லு தேப்பன் ஆகிட்டான் எண்டு."

சொன்னன். பூ மரத்துக்குக் கீழை நிண்டு சத்தம்போட்டுச் சொன்னன். விசர்தான்.

இன்னும் மூண்டு நாள். ஒன்பதாம் திகதி அம்மாவுக்குத் தனிய எடுத்து, இருக்கச் சொல்லிப்போட்டு, முதல் இப்பிடிச் சொல்லுவன், பிறகு இப்பிடிச் சொல்லுவன் எண்டு பாடமாக்கிறன். ஒண்டும் வாய்க்கு வருகுதில்லை.

ஜூலை 7

காலமை ஆறரை. அங்கை பின்னேரம் அஞ்சு மணி, ஆஸ்பத்திரியிலை ஆக்களை விடுற நேரம். நான் கல்லிலை நிண்டன். போன் அடிச்சது, வீடியோ. இந்த ஒரு மாசமா வீடியோ வந்தால் உடனை கட் பண்ணிப்போடுவன். இண்டைக்குப் பிள்ளையைக் காட்டப்போகினம் எண்ட அவசரத்திலை என்ரை விரல் அமத்தியிட்டுது.

பிள்ளை. சிவப்புத் துவாயுக்கை சுருண்டு, வாயைக் கோணிக்கொண்டு. அப்பிடியே தம்பியின்ரை வாய். "பாரம்மா, பெரியப்பா!" எண்டு தர்சிகாவின்ரை குரல் கேட்டது. நான் சிரிச்சன் எண்டுதான் நினைக்கிறன்.

பிறகு அம்மா போனைத் தன்ரை பக்கம் திருப்பினா. "என்னடா மோனை, பெரியப்பா ஆகின உடனை சாமியார்போலை..." எண்டு பகிடியாத் தொடங்கினவ, நிண்டிட்டா.

நான் சீவியத்திலை ஒருக்காத்தான் தாடி வைச்சது, அப்பா செத்த நேரம். பதினாறு வருசத்திலை ஒரு நாள்கூட வழிக்காமல் பஸ்ஸிலை ஏறேல்லை, திருநீறு பூசாமல் படலை தாண்டேல்லை. பெத்த மனுசிக்கு இது தெரியாதோ? அம்மாவின்ரை கண் என்ரை தாடியிலை நிண்டது, நெத்திக்குப் போனது, திரும்பித் தாடிக்கு வந்தது.

"இங்கை சத்தம் கேக்குதில்லை பிள்ளை, வெளியிலை நிண்டு கதைச்சிட்டு வாறன்" எண்டு தர்சிகாவுக்குச் சொல்லிப்போட்டு எழும்பி நடந்தா. விறாந்தையிலை ஒரு சுவரோடை சாஞ்சா.

"எத்தினையாம் நாள்?"

சவரக்கத்தி இல்லை அம்மா எண்டு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவ்வளவு பொய் சொன்ன வாய்க்கு இது ஒண்டு வரேல்லை.

"இருபத்தொன்பது."

அம்மா சீலைத் தலைப்பைச் சுருட்டி வாயுக்கை அடைச்சா. ஒரு சத்தம் இல்லை. அவவின்ரை தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கிப் படம் ஆடினது. ஆரோ தாதிப் பிள்ளை நிண்டு ஏதோ கேட்டாள். அம்மா தலையை ஆட்டி அனுப்பிவிட்டா. எவ்வளவு நேரம் அப்பிடி நிண்டாவோ தெரியாது. நான் "அம்மா, அம்மா" எண்டுகொண்டு நிண்டன்.

"என்னெண்டு?"

"ஆறு அம்மா. வெள்ளம்."

"எங்கை வைச்சவை?"

"கரையிலை. தேவாரம் படிச்சவையாம்."

அம்மா கண்ணைத் துடைச்சுப்போட்டு என்னை நேரை பாத்தா.

"உன்ரை கால் இப்ப எப்பிடி?"

"சுகம் அம்மா."

"எப்ப சுகம் வந்தது?"

 அம்மா பாத்துக்கொண்டே நிண்டா. சின்னனிலை நான் பொய் சொன்னாலும் இப்பிடித்தான், அடிக்கமாட்டா, பாத்துக்கொண்டு நிப்பா. தம்பி வெளிக்கிடுறதுக்கு நாலு நாள் முந்தியே கால் வீக்கம் வத்திப்போச்சு. நொண்டி நொண்டித்தான் அவனை ஏஜென்சிக்காரன்ரை வான் நிண்ட இடம்மட்டும் கொண்டுபோய் விட்டனான். அந்தக் காட்டைப் பற்றி ஆக்கள் சொன்ன கதையளுக்குப் பயந்திட்டன். முன்னாலை அவன் போய்ப் பாத்துச் சொல்லட்டும் எண்டு நினைச்சன். பஸ்ஸிலை சனத்தை "உள்ளுக்கை போ, உள்ளுக்கை போ, இடமிருக்கு" எண்டு தள்ளிப்போட்டு மிதிபலகையிலை நிக்கிறவன்தானே நான்.

அம்மா அதைப்பற்றிப் பிறகு ஒண்டும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

"நாளையிண்டைக்கு முப்பத்தொண்டு. வழிச்சு, முழுகி, அவனுக்குச் செய்யிறதைச் செய். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வழி. அவள் உன்னை இந்தக் கோலத்திலை பாக்கக்கூடாது."

"அம்மா, நான் ஒன்பதாம் திகதி அவளுக்கும் சொல்லத்தான்..."

"வாயை மூடு. பச்சை உடம்புக்காரி. இப்பச் சொன்னால் பால் வத்திப்போகும், பிள்ளை என்னத்தைக் குடிக்கும்? அவளின்ரை முப்பத்தொண்டு கழியட்டும். துடக்குக் கழிச்சு, பிள்ளையைத் தொட்டிலிலை போட்டாப் பிறகு நான் சொல்லுவன். அதுமட்டும் நீ குருவிப் படத்தை அனுப்பு."

"என்னாலை இனி ஏலாது அம்மா."

"ஏலும். நான் அவளுக்குப் பக்கத்திலை பாய் போட்டுப் படுக்கப்போறன். மருந்துக் காயம் காய்ச்சிக் குடுக்கப்போறன். பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடப்போறன். எனக்கு ஏலுமெண்டால் உனக்கும் ஏலும்."

முகத்தைச் சீலையாலை அழுத்தித் துடைச்சா. போன் நிண்டுபோச்சு.

குருவி எண்ணேல்லை.

ஜூலை 9

வழிச்சன். மனுசியின்ரை புருசன்ரை கத்தி மொட்டை. ரெண்டு இடத்திலை வெட்டிப்போட்டுது. பின்னாலை ஓடுற வாய்க்காலிலை முழுகினன். பச்சைத் தண்ணி, எலும்புக்குள்ளை போற குளிர். ஊரிலையெண்டால் கீரிமலைக்குப் போயிருப்பம், ஐயர் வந்திருப்பார், சொந்தம் பந்தமெண்டு நூறு பேர் சாப்பிட்டிருப்பினம். இங்கை நான், ஒரு இலை சோறு, எள்ளு இல்லாத வெறுந்தண்ணி. மந்திரம் தெரியாது. "தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்ளடா" எண்டு மூண்டு தரம் சொல்லித் தண்ணியிலை விட்டன்.

மனுசி தானாகவே வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைச்சிட்டு எனக்குப் பக்கத்திலை நிண்டா. "தம்பி?" எண்டு கேட்டா. அந்தச் சொல் அவவுக்கு எப்பிடித் தெரியும்? நான் அவனை அப்பிடிக் கூப்பிட்டதைக் கேட்டுப் பழகினவ போலை. ஓமெண்டு தலையாட்டினன்.

முருகன் படத்தைப் பெட்டியுக்கையிருந்து எடுக்க இன்னும் மனம் வரேல்லை.

ஜூலை 10

காலமை நீலக்குருவி பூவின்ரை அடியைப் பிடிச்சு ஓட்டை போடுறதை நல்லாக் கிட்ட நிண்டு பிடிச்சன். இதுவரைக்கும் பிடிச்சதிலை இதுதான் வடிவான படம். குறூப்பிலை போட்டன், "தம்பி பிடிச்சது" எண்டு எழுதி.

தர்சிகா உடனை பதில் போட்டாள்.

"குருவி காணும் அத்தான்! பிள்ளை பிறந்து நாலு நாள் ஆச்சு. இனித் தாடியை எடுக்கலாமெண்டு அவருக்குச் சொல்லுங்கோ. எடுத்துப்போட்டு, வழிச்ச முகத்தோடை ஒரு படம் பிடிச்சு அனுப்பட்டாம். பிள்ளைக்கு அப்பாவைக் காட்ட வேணும்."

நான் கல்லிலை இருந்து அதைப் பாத்துக்கொண்டே இருந்தன். வெட்டுக்காயம் எரிஞ்சது. அங்கை அம்மாவின்ரை பேருக்குக் கீழை "எழுதுகிறார், எழுதுகிறார்" எண்டு கனநேரம் காட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அம்மாவின்ரை வசனம் வந்தது.

"ஓம் மோனை. அவனுக்குச் சொல்லு."

நீலக்குருவி 3. அவளின்ரை முப்பத்தொண்டுக்கு இன்னும் இருபத்தாறு நாள்.